முழித்த முகம்

கையுறையோடு கைதட்டினால் சத்தம் வராது. வேதவல்லி இரண்டையும் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, வெறுங்கையை ஓங்கித் தட்டினாள்.

பழைய வைக்கோல் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, நரி மாதிரியான கயோட்டி காதை மட்டும் திருப்பியது.

கிழக்கு இப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. புருஷனின் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு வந்திருந்தாள். கணுக்கால் ஆழப் பனியில் நாலு எட்டு முன்னால் வைத்து மறுபடி தட்டினாள். உள்ளங்கை தீயாய் எரிந்தது.

அது எழுந்தது. அவசரப்படாமல், அறுத்துவிட்ட சோளத் தட்டைகளுக்கு நடுவே நடந்தது. ஒரு தரம் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது.

"போடி," என்றாள் வேதவல்லி.

அது ஆணா பெண்ணா என்று அவளுக்குத் தெரியாது. வாயில் அப்படித்தான் வந்தது.

மில்லிக்கனில் இந்தப் பண்ணைவீட்டை வாடகைக்கு விட்டபோதே கிழவர் டக்ளஸ் சொல்லியிருந்தார். குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள், தீனி போடாதீர்கள், கிட்டே வந்தால் கையைத் தட்டுங்கள், போய்விடும். மனிதர்கள் மேல் அதற்கு ஆசையும் கிடையாது, பகையும் கிடையாது.

அவள் புருஷன் அழகேசனுக்குத்தான் அதன் மேல் ஆசை.

டக்ளஸ் எத்தனை தரம் கயோட்டி என்று திருத்தினாலும் அவனுக்கு அது நரிதான். நரி முகத்தில் முழித்தவனுக்கு அன்று தொட்டதெல்லாம் துலங்கும். போன அக்டோபரில் ஒரு விடியலில் அதைப் பார்த்தான். அன்றைக்கு மத்தியானமே ஸ்கார்பரோ தொழிற்சாலையிலிருந்து போன் வந்துவிட்டது. 'கனடா அனுபவம் இல்லை' என்று எட்டு மாதம் வாசல் வாசலாகத் திருப்பி அனுப்பப்பட்ட எஞ்சினியருக்கு வேலை.

மறுநாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டேதான் எழுந்திருக்கிறான். பக்கத்தில் படுத்திருப்பவள் பக்கம் முகத்தைத் திருப்பாமல் கட்டிலைவிட்டு இறங்கி, சுவரைத் தடவித் தடவிச் சமையலறை ஜன்னலுக்குப் போகிறான். ஒரு நாள் ஹீட்டரில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டான். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னங்க, ரத்தம் வருது."

"வரட்டும். நீ குறுக்க வராத, வேதா."

ஜன்னலில் அதைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரும் அவனுக்கு. கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து வந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. 'ரோமத்தைப் பாரு, பட்டு மாதிரி. கண்ணு ரெண்டும் தங்கம்' என்பான். வேலையிலிருந்து வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, பகலில் அது வந்ததா என்பதுதான். அவள் பகல் எப்படிப் போனது என்று கேட்க மறந்துவிடுவான்.

அந்தப் பிராணி அவனைத் தேடி ஒன்றும் வரவில்லை. வைக்கோல் வண்டிக்கடியில் எலி இருந்தது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது அந்த எட்டு மாதம். அப்போதெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசிவிட்டு, ஒரே வார்த்தையைத்தான் சொல்வான்.

"இன்னிக்கு யார் முகத்துல முழிச்சனோ."

வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

தொழிற்சாலையில் இப்போது ஆள் குறைக்கிறார்கள். இன்று பத்து மணிக்கு மேனேஜர் அழகேசனைக் கூப்பிட்டிருக்கிறார். வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது தெரிந்துவிடும். "நாளைக்கு மட்டும் அது வந்துட்டா போதும்," என்று சொல்லிவிட்டுத்தான் நேற்றுப் படுத்தான்.

வேதவல்லி உள்ளே வந்து கதவைச் சாத்தி, பூட்ஸைக் கழற்றி அது இருந்த இடத்திலேயே வைத்தாள். படுக்கையறையில் கட்டில் முனகியது.

சுவரைத் தடவும் சத்தம் நெருங்கி வந்தது. அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

அழகேசன் இமைகளை இறுக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"வந்திருக்கா?"

அந்த அக்டோபர் விடியலை, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவன் சொல்லியிருக்கிறான். ஜன்னலில் நின்றேன், எதிரே நரி, அன்றைக்கே வேலை. ஒவ்வொரு தரமும் அவள் காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கதையில் ஒன்று விட்டுப்போயிருக்கும். அன்றைக்கு அதை முதலில் பார்த்தவள் வேதவல்லி. படுக்கையறைக்கு ஓடிப்போய், தூங்கிக்கொண்டிருந்தவனின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். அவன் கண்ணைத் திறந்தபோது ஒரு சாண் தூரத்தில் அவள் முகம்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்து வந்தாள்.

அவன் அதை மறந்துவிட்டான். அவளும் ஞாபகப்படுத்தவில்லை. அந்த ஒரு நாளை என்னுடையது என்று கேட்டால், அந்த எட்டு மாதமும் கூடவே அவள் கணக்கில் வந்து சேரும்.

"வேதா. சொல்லு, வந்திருக்கா?"

இன்னும் எரிந்துகொண்டிருந்த உள்ளங்கைகளை அவன் கன்னங்களில் வைத்து, முகத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"வந்திருக்கு," என்றாள். "கண்ணைத் திறங்க."