அழித்ததும் சேர்ந்த நகல்

அருப்புக்கோட்டை கம்ப்யூட்டர் சென்டரில் மத்தியான வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கிடத்தியிருக்கிறது. இறந்துபோன என் கணவர் பாடம் நடத்திய அறை. அவர் விட்டுப்போன ஒரே பிளாப்பியில் பூஞ்சை ஏறிவிட்டது. டிரைவ் அதை இன்னொரு தரம் படிக்குமோ என்னவோ. அவரோடு வேலை பார்த்த தங்கச்செல்வி தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, பிளாப்பியின் ஓர வெட்டை மூடி ஒட்டுகிறாள். "இனி கை தவறிக்கூட இதுல எதுவும் எழுத முடியாது மதினி." டாஸிலேயே இருக்கிற, வெற்றிடம் உட்பட பிளாப்பி முழுவதையும் நகலெடுக்கும் டிஸ்க்காப்பி கட்டளையைத் தட்டுகிறாள். டிரைவ் கரகரக்கிறது, நிற்கிறது, மறுபடி கரகரக்கிறது. "மூச்சு விடுங்க மதினி, பிரசவமா பாக்குறோம்?" என்று சிரிக்கிறாள். "வெத்து எடத்தையும் எதுக்குப் படிக்குது?" என்கிறேன். "அண்ணன் அழிச்சதெல்லாம் அங்கதான கெடக்கும். எல்லாத்தையும் அப்படியே எடுக்குது." அவர் எதை அழித்தார் என்று நான் கேட்கவில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொல்கிறது திரை. மின்விளக்கு மங்கி, மீள்கிறது. கடைசியில் சத்தம் அடங்குகிறது. "முழுசா வந்திருச்சு மதினி." இப்போதுதான் உறை பிரித்த அந்தப் புதிய பிளாப்பியில் இருப்பதைத் திரையில் பட்டியலிட்டுக் காட்டுகிறாள். எங்கள் இருவரில் யாரும் தட்டாத அவர் பெயர், பழைய பிளாப்பிக்கு அவரே சூட்டியிருந்தபடி, முதல் வரியில், பச்சை எழுத்தில் நிற்கிறது.