பின்சக்கரத்துக்குக் கனம்

கார் ஏறிக்கொண்டிருந்தது. ரியோஜியால் அதை நம்ப முடியவில்லை.

விடிய விடியக் கொட்டிய புதுப் பனி, அதற்கு அடியில் கண்ணாடியாய் இறுகிப்போன பழைய பனி. வட ஜப்பானில், ஒதாரு ஊரின் இந்த மேட்டில் நாலு சக்கரமும் உந்துகிற வண்டிகளே முக்கி முனகும். அவனுடையதோ தரையோடு படுத்த மாதிரி இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இஞ்சின் முன்னால், உந்துவது பின்சக்கரங்கள் மட்டும். பின்னால் கனம் இல்லாவிட்டால் அவை நின்ற இடத்திலேயே சுற்றும்.

இன்று கனம் இல்லை. குளிர்காலம் முழுக்க டிக்கியில் கிடக்க வேண்டிய மணல் மூட்டைகளைப் போன வாரம் இதே மேட்டில் பிரித்து, சிக்கிய சக்கரத்துக்கு அடியில் கொட்டிவிட்டான். திரும்ப வாங்கிப் போடவில்லை. அது ஞாபகத்துக்கு வந்ததே பாதி மேட்டில்தான்.



பக்கத்தில் மனைவி சனாயே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். மேட்டின் உச்சியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் அவளுக்குச் சமையல் வேலை.

கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் இறங்கித் தள்ளுகிறவள் அவள்தான். ஓட்டுகிறவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க முடியாது என்பது ரியோஜியின் நியாயம். ஒரு வருடம் தள்ளும்போது சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பனி அள்ளும் எதிர்வீட்டு குதோ, கார் வழுக்கிக்கொண்டு பின்னோக்கி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், "என்னப்பா, இன்னிக்கும் ரிவர்ஸ்லதான் வேலைக்குப் போறியா?" என்பார்.

இந்த வருடம் குளிர்கால டயர் மாட்டிய அன்று சனாயே சொன்னாள்.

"இந்தக் காரை, உங்க சின்ன வீட்டை, வித்துடுங்க. இன்னொரு தடவை என்னை இறங்கித் தள்ளச் சொன்னீங்க, அதோட நமக்குள்ள முடிஞ்சுது."

அவள் சிரிக்கவில்லை. அவன்தான் சிரித்தான்.

போன வாரம் தள்ளச் சொல்லிவிட்டான். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வேறு வழி தெரியவில்லை. அவள் இறங்கினாள், தள்ளினாள். அன்று சாயங்காலமும் சூப் சூடாகவே இருந்தது. ஏதோ கோபத்தில் சொன்னது, மறந்துவிட்டாள் என்று ரியோஜி மூச்சுவிட்டான். ஆனால் இனி ஒரு தடவை சிக்கினால் அவள் சொன்னதைச் செய்துவிடுவாள் என்கிற பயம் மட்டும் போகவில்லை.

கடைசி வளைவு. எப்போதும் காரின் பின்பக்கம் வாலை ஆட்டுகிற இடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினான்.

வால் ஆடவில்லை. பின்சக்கரங்கள் பனியைக் கவ்விப் பிடித்தன. ஓரமாகச் சிக்கிக் கிடந்த ஒரு வேனைத் தாண்டி, கார் உச்சிக்கு வந்து நின்றது.

 டிக்கி காலியாக இருக்க முடியாது. பின்னால் ஏதோ கனம் இருக்கிறது.

"டிக்கில நீ ஏதாவது வெச்சியா?"

"வெச்சேன்."

"மணலா?"

"மணல் எதுக்கு? வீட்டுலயே அதைவிடக் கனமா இருந்துச்சு." கதவைத் திறந்து, பூட்ஸ் காலைப் பனியில் ஊன்றினாள். "ஏறாமப் போயிடுமோன்னு எனக்கும் பயமாத்தான் இருந்தது."

 இத்தனை வருடம் திட்டித் தீர்த்த காருக்கு, அவன் எழுவதற்கு முன் எழுந்து, இருட்டில் வெளியே போய், கனம் ஏற்றியிருக்கிறாள். போகிறவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல நினைத்தான். அதற்குள் அவள் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"சாயங்காலம் கூப்பிட வர வேண்டாம். பஸ்ல போயிக்கறேன்."

"எதுக்கு? அதான் இப்ப ஜம்முனு ஏறுதே."

அவள் திரும்பி இல்லத்துக்குள் நடந்தாள். கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

ரியோஜி இறங்கினான். குதோவிடம் இன்று என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடியே டிக்கியைத் திறந்தான்.

இரண்டு அட்டைப்பெட்டி நிறைய அவனுடைய கார் பத்திரிகைகள். நடுவில் அவனுடைய இரும்பு ஸ்பேனர் பெட்டி. பரவாயில்லை, கெட்டிக்காரிதான். வீட்டிலேயே கனமானது எது என்று சரியாகத்தான் யோசித்திருக்கிறாள்.

ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில் அவனுடைய கோடைக்காலச் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

சட்டையில் என்ன கனம் இருக்கிறது?

அதற்கு அடியில் அவனுடைய தலையணை. செருப்பு. சவர சாமான். ஒரு துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தான். அவன் மட்டும் சாப்பிடும் நீலக்கோடு போட்ட சோற்றுக் கிண்ணம். அவரவர் கிண்ணம் அவரவருக்கு என்று இருக்கும் வீட்டில், அலமாரியில் இப்போது ஒன்றுதான் மிச்சம் இருக்கும். அந்த வீடு அவளுடைய அப்பாவுடையது.

 ரியோஜி மூடியிருந்த கண்ணாடிக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கிண்ணத்தைத் துண்டில் திரும்பச் சுற்றினான். 

அப்போதுதான் அவள் அடுக்கியிருந்த விதம் கண்ணில் பட்டது. கனமானவை எல்லாம் முன்னால் தள்ளி, பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே. இரண்டு பக்கமும் ஒரே அளவு. நகராமல் இருக்கக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள்.

போகிற வழியில் எந்த மேட்டிலும் சிக்கிக்கொண்டு, அவன் திரும்பி வந்துவிடாதபடிக்கு.