ஆண்டு அனுபவித்த காணி

"உறுதிப் பத்திரம் இல்லாட்டியும் காணி உங்களுக்குத்தான் உம்மா. பயப்படாதீங்க," என்றார் வழக்கைப் பேச ஒப்புக்கொண்ட புரொக்டர் அருமைநாயகம்.

ஆசியா உம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளிவாசல்துறையில் அவளும் மகள் ஸக்கியாவும் குடியிருந்த தென்னந்தோட்டம், மவுத்தாகிப்போன அவள் கணவர் பற்றைக்காடு வெட்டி, கன்று வைத்து உண்டாக்கியது. வியர்வைக்கு எந்த நொத்தாரிசு உறுதி எழுதுவார்? உறுதி இருந்ததோ மதுரங்குளி சரீப் முதலாளியிடம். கொப்பறாவுக்கு விலை ஏறியதும், தோட்டத்தை விட்டு எழும்பச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டார்.

"உறுதி அவர்ட்ட இரிக்கே ஐயா?"

"இருக்கட்டும். பத்து வருசம் ஒருத்தர் தன்ட காணியெண்டு ஆண்டு அனுபவிச்சா, அது அவருக்குத்தான். வெள்ளைக்காரன்ட சட்டமே அப்பிடித்தான் சொல்லுது. நீங்க இருபது வருசமா இருக்கிறீங்க. குத்தகையெண்டு, பங்கெண்டு முதலாளிக்கு எதாவது குடுத்தீங்களா?"

"அல்லா மேல சத்தியமா, ஒரு ஓலை குடுத்ததில்ல!"

"அப்ப காணி உங்கட கையில."

"ஆனாலும் அந்த மனிசன் நல்லவர் ஐயா. யாரோ சொல்லிக் குடுத்துத்தான் இப்பிடி செய்யிறார்."

"நல்லவர் குடியெழுப்புவாரா உம்மா?" என்று எரிந்து விழுந்தாள் ஸக்கியா.

புத்தளம் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. ஆசியா உம்மா கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்புப் புரொக்டர் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"முதலாளி எப்பவாவது உங்களை ஏசினாரா? விரட்டினாரா?"

"இல்ல. பொய் சொல்லப்படாது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் தட்டம் நிறையச் சோறும் வட்டலப்பமும் வண்டியில அனுப்புவார்."

"சாப்பிட்டுட்டு வெறுந்தட்டத்தைத் திருப்பி அனுப்புவீங்க?"

உம்மாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெறுந்தட்டம் அனுப்ப நாங்க மானம் மரியாதை தெரியாத ஆக்களா? தோட்டத்துத் தேங்காயில நல்லதாப் பாத்து வண்டி நிறைய ஏத்தித்தான் அனுப்புவம். ஒரு வருசம் தப்பினதில்ல!"

"போதும்," என்ற எதிர்த்தரப்புப் புரொக்டர் நீதவான் துரையின் பக்கம் திரும்பினார். "காணிக்காரருக்கு வருசா வருசம் விளைச்சலில் பங்கு கொடுத்திருக்கிறார். காணி முதலாளியுடையது என்று இவரே ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார்."

ஸக்கியா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் அருமைநாயகத்துக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. முதல் பத்து வருடம் எதுவும் கொடுக்காமல் கழிந்திருந்தால் காணி எப்போதோ உம்மாவுக்குச் சொந்தமாகியிருக்கும். அதற்குப் பிறகு தேங்காய் அனுப்பியதால் அது போய்விடாது. அவர் அவசரமாக எழுந்தார்.

"உம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தத் தட்டம் வரத் தொடங்கினது எப்ப?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதலாளியின் நல்ல மனசைச் சபையறியச் சொல்லக் கிடைத்த திருப்தியோடு அவள் நிமிர்ந்து நின்றாள்.

"வேலி கட்டி ஒம்பது வருசம் அந்த மனிசன் எங்கள ஏறெடுத்தும் பாக்கல்ல ஐயா. பத்தாவது வருசம் முடிய முந்தி வந்த பெருநாளைக்குத்தான், அல்லா அவர்ட மனசுல இரக்கத்தப் போட்டான்."