வாங்கண்ணே

மாலை வெயில் சகோதரர் அறக்கட்டளையின் கூடத்துக்குள் சாய்ந்து, மேடையில் நிற்கும் தலைவரின் மூக்குக்கண்ணாடியில் மினுங்குகிறது. வயது பார்க்காமல் எல்லாரையும் அண்ணே என்றுதான் அழைக்க வேண்டும் என்பது இங்கே விதி. படிப்புதவி பெறும் மாணவியின் அப்பாவுக்கு, "வாங்கண்ணே." காலொடிந்து சக்கர நாற்காலி பெறும் கொத்தனாருக்கு, "பாத்துண்ணே." குடிநீர்த் தொட்டி கேட்டு வந்த தெருக்காரர்களுக்கும் அண்ணே மழைதான். மேடையோரம் மைக்செட்டோடு உட்கார்ந்திருக்கும் உறுப்பினர், தலைவரின் கூடப்பிறந்த மூத்தவர். ஒவ்வோர் அண்ணேவுக்கும் அவர் வயிறு எரிகிறது. விரலில் சுற்றிய ஒயர் இறுகுகிறது. "எனக்குன்னா மட்டும் வாய் வலிக்குது," என்று ஒலிபெருக்கிப் பெட்டியிடம் முணுமுணுக்கிறார். திடீரென மைக் வீறிடுகிறது. தம்பி இவர் பக்கம் திரும்பிப் புன்னகைக்கிறான். இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தே விடுகிறார். "மைக்செட்காரரே, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க."