பன்னிரண்டு ஓடர்

ராகலையில் மரக்கறி விற்கும் சுதாகரன், தன் இணையதளத்துக்கு நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் சேர்த்தான். ஓடர் படிவத்தை அனுப்பினால், அனுப்பியவரின் பெயரைச் சொல்லியே அது நன்றி தெரிவிக்கும்.

மறுநாள் காலை துள்ளிக் குதித்தான். "ஏ புள்ள, இங்க வா! பன்னெண்டு ஓடர்!"

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். "யாருங்க?"

"எல்லாம் ஒரே ஆளு. பன்னெண்டுலயும் கால் கிலோ லீக்ஸ். யாரோ வெளையாடுறாங்க!"

"பேர வாசிங்க."

"ஜெயந்தினி..."

"என்னங்க?" என்றாள் மனைவி.

சுதாகரன் திகைத்து நிமிர்ந்தான்.

"கட்டிக்கிட்டு பதினாலு வருசமா 'ஏ புள்ள'தான். நீங்க எழுதுன அந்தப் படிவந்தான் என் பேரச் சொல்லி நன்றி சொல்லுது. நீங்களும் ஒருக்கா சொல்லுங்களேன்."

தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினான். "நன்றி... புள்ள."

மனைவி ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதின்மூன்றாவது ஓடர் வந்தது.