பொழுது சொன்ன எலி

உடம்பின் கடிகாரத்தை ஆராயும் விஞ்ஞானி ஒருவர், எலிக்கூண்டுகள் இருந்த அறையில் விளக்கை அணைப்பதே இல்லை. அங்கிருந்த வெள்ளெலி தூக்கம் கெட்டு, பசிக்காமலே தின்று தின்று, வயிறு தரை தட்டக் கிடந்தது.

பகலில் உறங்கி இரவில் இரை தேடிப் பழகிய வயலெலி ஒன்று பக்கத்துக் கூண்டுக்கு வந்தது. "பொழுது சாயுதக்கா, சாப்பிடுங்க," "விடிஞ்சிருச்சு, படுங்க" என்று அது வேளை தவறாமல் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டு வெள்ளெலிக்கு மறுபடி தூக்கம் பிடித்தது.

சில வாரத்தில் வயலெலியும் ஓயாமல் கொறிக்கத் தொடங்கியது.

"தம்பி, இப்ப ராத்திரியா, பகலா?" என்றது வெள்ளெலி.

"தெரியலையேக்கா. பசியே இல்ல, வாய் மட்டும் நிக்க மாட்டேங்குது," என்று அது அழுதது.

வெள்ளெலி கம்பியோரம் நகர்ந்து வந்தது. "வெயில் ஏறிடுச்சு தம்பி, நீ தூங்கு," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னது.

வயலெலி அதை நம்பிக் கண்ணை மூடியது.