குறுக்கே ஒரு டயோடு

அவள் கணவர் செல்போனோடு ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போன அந்த இரண்டு நிமிடம்தான் கிடைத்தது.

"தம்பி, டயோடு கட்டாயம் போடணும்னு அன்னைக்குச் சொன்னீங்களே, போடலேன்னா என்ன ஆகும்?"

பானெட்டுக்குள் குனிந்திருந்த எலெக்ட்ரீஷியன் நிமிர்ந்தான். "வேகம் கூட்டுற நைட்ரஸ் வால்வுல கம்பிச்சுருள் இருக்கு அண்ணி. பட்டனை விட்ட உடனே அது கரண்டைத் திருப்பி அடிக்கும். டயோடுதான் அதைத் தாங்கும். இல்லேன்னா காரோட கம்ப்யூட்டர் காலி."

"ஓடும்போதா?"

"இல்ல. ரேஸுக்கு முன்னாடி ஸ்டார்ட் கோட்டுல நின்னு ஒரு தடவை அழுத்திப் பாப்பாங்க. வண்டி அங்கேயே படுத்துடும்."

"ஓட்டுற ஆளுக்கு?"

"ஒண்ணும் ஆகாது."

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டாள். "அப்ப அதை வெட்டி எடுத்துடுங்க. போன தடவை அவரு ரேஸ் ஓட்டினப்ப வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

வாசலில் கணவர் போனில் சிரித்தார். "நாளைக்கு என் புகையைத்தான்டா பாப்பீங்க."

எலெக்ட்ரீஷியன் கையைத் துடைத்தபடி நின்றான். "அதை வெட்ட முடியாது அண்ணி."

"கெஞ்சிக் கேக்கறேன் தம்பி."

அவன் வால்வின் மேல் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்துக் காட்டினான். இரண்டு வயர்களுக்கும் குறுக்கே எதுவும் இல்லை.

"காலையிலேயே எடுக்கச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

சிரிப்புச் சத்தம் கிட்ட வந்தது. அவன் அவசரமாக டேப்பைச் சுற்றினான்.

"பயந்துட்டேன்னு உங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காரு."